அமெரிக்கத் தனிவீட்டுச் சந்தையின் போக்கைப் படிப்பது எப்படி?

அமெரிக்காவில் வீட்டு விலை ஏறிவிட்டது என்றோ சரிந்துவிட்டது என்றோ ஒரு செய்தி கண்ணில் பட்டால், எந்த வீடுகளை, எந்தக் கட்டத்தில் எண்ணிப் பெற்ற கணக்கு அது என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். ஒரே மாதத்தில் வெளியாகும் மூன்று அறிக்கைகள் மூன்று விதமாகப் பேசுவது அங்கே வழக்கம். அவற்றில் எதுவும் பொய் சொல்வதில்லை. பெரும்பாலோர் விலையை முதலில் பார்க்கிறார்கள். வட்டி, விற்பனை, கையிருப்பு ஆகியவற்றைப் பார்த்துவிட்டு விலைக்கு வருவதே சரியான வரிசை என்பது என் கருத்து.

வீட்டுக்கடன் வட்டியின் வாராந்திர சராசரியை, வங்கிகளிடமிருந்து வீட்டுக்கடன்களை வாங்கும் ஃப்ரெடி மேக் நிறுவனம் வியாழக்கிழமைகளில் வெளியிடுகிறது. 30 ஆண்டு நிலையான வட்டிக் கடனுக்கு 2021 ஜனவரியில் 2.65 சதவீதமாக இருந்த விகிதம், 2023 அக்டோபரில் 7.79 சதவீதத்தைத் தொட்டது. இதை மாதத் தவணையாக மாற்றிப் பார்த்தால்தான் அதன் கனம் விளங்கும். 4,00,000 டாலர் வீட்டுக்கு 20 சதவீதம் கையிலிருந்து கட்டிவிட்டு, மீதி 3,20,000 டாலரைக் கடனாக வாங்குபவருக்கு, 3 சதவீத வட்டியில் தவணை ஏறத்தாழ 1,349 டாலர். 7 சதவீதத்தில் 2,129 டாலர். சொத்து வரியும் காப்பீடும் இதற்கு மேல். விலை ஒரு டாலர்கூட ஏறாமலேயே வீடு எட்டாத உயரத்துக்குப் போய்விடுகிறது.

இன்னொரு விளைவும் உண்டு. பழைய 3 சதவீதக் கடனில் குடியிருப்பவர் வீட்டை விற்றால், அந்தக் கடனைப் பெரும்பாலும் அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது; புதிய வட்டியில்தான் கடன் வாங்க வேண்டும். ஆகவே அவர் இருக்கும் இடத்தை விட்டு நகர்வதில்லை. இந்தியாவில் வீட்டுக்கடன் வட்டி பெரும்பாலும் அவ்வப்போது மாறிக்கொண்டே இருப்பதால், இந்தத் தயக்கம் நமக்குச் சட்டெனப் பிடிபடாது. 2023இல் விற்பனை விழுந்தும் விலை விழாமல் நின்றதற்கு இதுவே முக்கியக் காரணம்: வாங்க வருபவர்கள் குறைந்தபோது விற்க வருபவர்களும் கூடவே குறைந்தார்கள்.

விற்பனைக் கணக்கில் இரண்டு வகைகளைக் கலந்துவிடக் கூடாது. ஏற்கெனவே ஒருவர் குடியிருந்த வீடுகளின் விற்பனையை, வீட்டுத் தரகர்களின் அமைப்பான தேசிய ரியல்டர்கள் சங்கம் கிரயம் முடிந்த நாளில் எண்ணுகிறது. புதிய வீடுகளின் விற்பனையை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அலுவலகம் ஒப்பந்தம் கையெழுத்தான நாளிலேயே எண்ணிவிடுகிறது. இரண்டுக்கும் இடையில் ஒன்றிரண்டு மாத இடைவெளி இருப்பதால், வட்டி திடீரென ஏறும்போது அடி முதலில் புதிய வீட்டுக் கணக்கில்தான் தெரியும். ஆனால் அந்தக் கணக்கு மாதிரி ஆய்விலிருந்து வருவது. பிழை வரம்பு பெரியது, அடுத்தடுத்த மாதங்களில் திருத்தப்படுவதும் உண்டு. எனவே ஒரு மாத ஏற்றத்தை நம்பாமல் மூன்று மாதச் சராசரியை எடுத்துக்கொள்ளுங்கள். சங்கத்தின் தலைப்பு எண்ணில் அடுக்குமாடி வீடுகளும் சேர்ந்திருப்பதால், தனிவீடுகளுக்கான வரியை அறிக்கைக்குள் தேடிப் படிக்க வேண்டும். அந்த மொத்த எண் 2021இல் 61 லட்சத்தைத் தாண்டியிருந்து, 2023இலும் 2024இலும் 41 லட்சத்துக்குக் கீழே, 1995க்குப் பின் காணாத அளவுக்கு இறங்கியது.

கையிருப்பை மாதக் கணக்கில் சொல்வார்கள்: இப்போதைய வேகத்தில் விற்றால், சந்தையில் உள்ள வீடுகள் தீர எத்தனை மாதம் ஆகும் என்பதே அது. 6 மாதத்தை நடுநிலை என்பது பழைய வழக்கு. புதிய வீடுகளின் கையிருப்பு 8 மாதத்தை ஒட்டியிருக்கும் போது பழையவற்றின் கையிருப்பு 4 மாதத்துக்கும் குறைவாக இருந்த காலம் அண்மையில்தான் கடந்தது. புதிய வீட்டுக் கணக்கில் அஸ்திவாரம்கூடத் தோண்டாத வீடுகளும் அடங்கும் என்பதை மறந்தால் இது புதிராகவே இருக்கும்.

இனி விலை. செய்திகளில் அதிகம் வருவது இடைநிலை விலை, அதாவது விற்ற வீடுகளை விலைவாரியாக வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் விலை. அது எளிதில் ஏமாற்றும். ஓர் ஊரில் ஒரு மாதம் 2.5, 3, 3.5, 5, 6 லட்சம் டாலருக்கு ஐந்து வீடுகள் விற்றால் இடைநிலை 3.5 லட்சம். வட்டி ஏறியதால் அடுத்த மாதம் மலிவான இரண்டும் விலைபோகாமல் மற்ற மூன்றுமே விற்றால் இடைநிலை 5 லட்சம் ஆகிவிடும். எந்த வீட்டின் விலையும் மாறவில்லை. கேஸ்-ஷில்லர் என்னும் வீட்டு விலைக் குறியீடு ஒரே வீட்டின் முந்தைய விற்பனையையும் இப்போதைய விற்பனையையும் இணைத்துப் பார்ப்பதால் இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கிறது. 2000 ஜனவரியை 100 என்று வைத்துக் கணக்கிடுகிறார்கள். அதன் குறை தாமதம்: பிப்ரவரிக் கடைசிச் செவ்வாயன்று வெளிவரும் டிசம்பர் எண், அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான கிரயங்களின் சராசரி; அவற்றில் பல வீடுகளுக்கு விலை பேசி முடித்ததோ செப்டம்பரில்.

கடைசியாக, நாட்டு எண்ணைக் கொண்டு ஓர் ஊரைக் கணிக்க வேண்டாம். 2022க்குப் பின் தேசியக் குறியீடு மீண்டும் ஏறியபோதும் டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டினில் விலை இறங்கியது. அங்கே புதிய வீடுகள் ஏராளமாகக் கட்டப்பட்டிருந்தன. கேஸ்-ஷில்லரின் 20 நகரப் பட்டியலில் டெக்சாஸிலிருந்து டாலஸ் மட்டுமே உண்டு, ஆஸ்டினும் ஹூஸ்டனும் இல்லை. அத்தகைய ஊர்களுக்குக் கூட்டாட்சி வீட்டு நிதி முகமையின் பெருநகரக் குறியீட்டை எடுத்து, போன மாதத்தோடு அல்லாமல் போன ஆண்டின் அதே காலாண்டோடு ஒப்பிட்டு, கூடவே அவ்வூரில் வழங்கப்பட்ட தனிவீட்டுக் கட்டுமான அனுமதிகளின் எண்ணிக்கையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.