லயத்து வேதபாடத்தில் மத்தேயு 20ஐ நடத்துவது எப்படி

விடியலில் வந்தவருக்கும் கடைசி நேரத்தில் வந்தவருக்கும் எஜமான் ஒரே கூலி கொடுக்கும் திராட்சத்தோட்டக் கூலியாட்களின் உவமையை (மத்தேயு 20:1-16), லயங்களில் (வரிசை வீடுகளில்) வாழும் தேயிலைத் தோட்டத்து மக்களிடையே நடத்துவது லேசுபோலத் தெரியும். நாட்கூலி என்றால் என்னவென்று யாருக்கும் விளக்கத் தேவையில்லை. சிக்கலும் அங்கேதான். வசனத்தை விட்டுவிட்டுப் பேச்சு செக்ரோலுக்கு (தோட்டத்து வேலைநாள் பதிவேட்டுக்கு) போய்விடும்.

வாசிப்பை 19:16இல் தொடங்குங்கள். அதிகாரப் பிரிப்பு 13ஆம் நூற்றாண்டில்தான் வந்தது, அங்கே நிற்கவேண்டியதில்லை. எல்லாவற்றையும் விட்டுவந்த எங்களுக்கு என்ன கிடைக்கும் என்று 19:27இல் பேதுரு கேட்கிறார். உவமை அதற்கான பதில். முந்தினோர் பிந்தினோராவதைச் சொல்லும் 19:30ஐயும் 20:16ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது விளங்கும். செபெதேயுவின் குமாரருடைய தாய் தன் பிள்ளைகளுக்கு இடம் கேட்கும் 20:20-28 வரை வாசித்துவிடுங்கள்.

அடுத்தது நேரம். பழைய மொழிபெயர்ப்பின் ‘பதினோராம்மணி வேளை’யை முற்பகல் 11 என்று எடுப்பவர்கள் ஏராளம். விடியலிலிருந்து எண்ணினால் மூன்றாம்மணி காலை 9, ஆறாம்மணி நடுப்பகல், ஒன்பதாம்மணி பிற்பகல் 3, பதினோராம்மணி மாலை 5. வேலை முடிய ஒரு மணித்தியாலம்தான் மிச்சம். இதைச் சொல்லாவிட்டால் மற்றதெல்லாம் சப்பென்று போகும்.

ஒரு பணம் (அன்றைய நாட்கூலி) என்று பேசிக்கொண்டது விடியலில் வந்தவர்கள் மட்டுமே. 9 மணிக்காரருக்கு ‘நியாயமானபடி’ என்ற வாக்கோடு சரி (4). பிந்தினவர்களுக்கு முதலில் கொடுப்பதும் (8) கவனிக்கவேண்டியது: வரிசை மாறியிருந்தால் முந்தினவர்கள் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள், முறுமுறுப்பே எழுந்திருக்காது. இங்கே நிறுத்திக் கேளுங்கள்: கொழுந்து குறைந்தால் அரைப்பேர் (அரைநாள் கூலி) விழும் மலையில், ஒரு மணித்தியாலம் நின்றவருக்கு முழுப்பேர் போட்டால் என்ன சொல்வீர்கள்? முறுமுறுக்கட்டும், உடனே கண்டிக்காதீர்கள். அந்தக் கோபம் வராதவருக்கு, ‘நான் தயாளனாயிருப்பதால் நீ பொறாமைப்படலாமா’ என்று எஜமான் கேட்கும் 15ஆம் வசனம் உறைக்காது.

உவமையில் கூலி கொடுக்கும் காரியக்காரனைத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளையாக்கி, ஐந்து நேரத்துக்கும் ஐந்து அர்த்தம் தேட ஒருவராவது கிளம்புவார். பழைய பழக்கம்தான்: இரண்டாம் நூற்றாண்டிலேயே திருச்சபைப் பிதா இரேனியஸ் அந்த அழைப்புகளை உலக வரலாற்றின் காலங்களாகப் பிரித்தார். ஒவ்வொரு துணுக்கையும் துருவுவது வீண் என்றார் சீர்திருத்தவாதி கல்வின். அவர் பக்கம் நிற்பதே நல்லது.

இதைவிட ஆபத்தானது, எஜமானைத் தோட்ட நிர்வாகமாக்கி, ‘கொடுத்ததை வாங்கிக்கொண்டு போ’ என்று 14ஆம் வசனத்தை எடுப்பது. உவமையில் யாருடைய கூலியும் குறையவில்லை, பேசியது முழுதாகக் கிடைக்கிறது. சம்பளத்தைப் பற்றிப் பேச உபாகமம் 24:14-15, யாக்கோபு 5:4 இருக்கின்றன. அவற்றுக்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்குங்கள்.

கூலியையும் கிருபையையும் பற்றிய ரோமர் 4:4-5க்குப் போகலாம், ஆனால் கடைசியில். முதலிலேயே போனால் விசுவாசமா கிரியையா என்ற பழகிய பாடமாகிவிடும். பேதுருவின் கேள்வி காணாமல்போகும்.

புதிய மொழிபெயர்ப்பு வைத்திருப்பவர், 16இன் கடைசி வரியான ‘அழைக்கப்பட்டவர்கள் அநேகர், தெரிந்துகொள்ளப்பட்டவர்களோ சிலர்’ எங்கே என்று கேட்பார். 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சீனாய், வத்திக்கான் கையெழுத்துப் பிரதிகளில் அது இங்கே இல்லை. 22:14இல் இருக்கிறது. தெரிந்துகொள்ளுதலை, அதாவது தேவன் மனிதரைத் தேர்ந்தெடுப்பதை, பற்றிப் படிப்பிக்க விரும்பினால் அங்கே போய்ப் படிப்பியுங்கள்.