ஜப்பானில் ஸ்டேக் சமைக்கப் போகிறவர்களுக்கு: முதலில் லேபிள், அப்புறம் அடுப்பு

ஜப்பானுக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள், மாட்டுக்கறி சாப்பிடுவீர்கள், கடையில் சோயா சாஸ் மணக்க வந்த ஸ்டேக்கையும் சோற்றையும் ருசி பார்த்துவிட்டு இதை வீட்டிலேயே செய்யலாமே என்று நினைக்கிறீர்கள் என்றால், தாராளமாகச் செய்யலாம். சமையல் சுலபம். ஆனால் கறி வாங்குகிற இடத்தில் ஒரு குழி இருக்கிறது. என்னோடு தங்கியிருந்த தம்பி ஒருவன் அதில் விழுந்து ஆஸ்பத்திரி வரை போனான். அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

அலுவலக வேலைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். வீடு கிடைத்த 14 நாட்களுக்குள் ஸைர்யூ கார்டோடு (வெளிநாட்டவருக்கான குடியிருப்பு அட்டை) வார்டு அலுவலகத்துக்குப் போய் முகவரியைப் பதிய வேண்டும். கம்பெனிக் காப்பீடு இல்லாத மாணவர்கள் அதே நாளில் பக்கத்துக் கவுன்டரில் தேசிய மருத்துவக் காப்பீட்டிலும் சேர்ந்துவிடுங்கள், தள்ளிப் போடாதீர்கள். சேர்ந்தால் வைத்தியச் செலவில் 30 சதவீதம்தான் உங்கள் பங்கு. கேஸ் இணைப்பைத் திறக்க ஆள் வரும்போது நீங்கள் வீட்டில் இருக்க வேண்டும். அடுப்பு வாங்கும் முன் உங்கள் கட்டடத்தில் வருவது நகர கேஸா, புரொப்பேனா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒன்றுக்கான அடுப்பு மற்றொன்றுக்கு ஆகாது.

சரி, கறிக்கு வருவோம். சூப்பர் மார்க்கெட்டில் போட்டிருக்கும் விலை பெரும்பாலும் 100 கிராமுக்கு, கிலோவுக்கு அல்ல. அந்த வரிசையில் நல்ல சிவப்பில், வெள்ளைக் கொழுப்பு வலைபோல ஓடுகிற துண்டு ஒன்று பக்கத்தில் இருப்பதைவிட மலிவாகக் கிடக்கும். சில இடங்களில் சைக்கோரோ ஸ்டேக் என்று ஒரே அளவுச் சதுரத் துண்டுகளாகவும் இருக்கும். அவற்றில் பல, மெலிந்த இறைச்சிக்குள் ஊசிகளால் மாட்டுக் கொழுப்பைச் செலுத்தியவை, அல்லது சிறு துண்டுகளை ஒட்டி அழுத்தி உருவாக்கியவை. ஊரில் கறிக்கடையில் கண்ணெதிரே வெட்டி வாங்கிப் பழகிய நமக்கு, தட்டில் மூடி வைத்த துண்டுக்குள் யாராவது எதையாவது ஏற்றியிருப்பார்கள் என்று சந்தேகமே வராது.

அந்தத் தம்பி அதைத்தான் வாங்கினான். வீடியோவில் காட்டியபடி வெளியே கருக வறுத்து, உள்ளே ரத்தச் சிவப்பாக விட்டுச் சாப்பிட்டான். சில நாள் கழித்து வயிற்று வலி, அப்புறம் ரத்தமாகப் போக ஆரம்பித்தது. பரிசோதனையில் ஓ157 என்ற ஆபத்தான ஈ.கோலை கிருமி என்றார்கள். காப்பீட்டு வேலையைத் தள்ளிப் போட்டிருந்ததால் கவுன்டரில் முழுப் பணத்தையும் கட்டினான். அதோடு முடியவில்லை. அவன் பகுதிநேரமாக வேலை பார்த்தது ஒரு சமையலறையில். இந்தக் கிருமி உடலில் இருக்கிற வரை உணவைத் தொடுகிற வேலை செய்யச் சட்டம் அனுமதிக்காது. கிருமி போய்விட்டது என்று முடிவு வரும்வரை சம்பளம் இல்லை. மாணவர்களுக்கு வாரத்துக்கு 28 மணி நேரம்தான் வேலை அனுமதி, அதுவும் போனால் வாடகைக்கு எங்கே போவது? அவன் அம்மாவிடம் போனில் என்ன சொல்வது என்று தெரியாமல் நான் நின்றதை நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது. எச்சரிக்கை லேபிளில் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வந்து இறங்கியவன் படிக்க முடியாத எழுத்தில், விலைக்குக் கீழே பொடியாக இருந்தது.

காரணம் இதுதான். ஊசி போடாத, ஒட்டாத முழுத் துண்டில் கிருமி மேற்பரப்பில்தான் இருக்கும், நன்றாகச் சூடேறிய வாணலியில் எல்லாப் பக்கமும் வறுபட்டால் செத்துவிடும். ஊசி போட்டாலோ துண்டுகளை ஒட்டினாலோ மேலே இருந்தது உள்ளே போய்விடுகிறது. அப்படிப்பட்ட கறியின் நடுப்பகுதி 75 டிகிரியில் ஒரு நிமிடமாவது வேக வேண்டும். அரைத்த கறிக்கும் இதே கணக்குதான். 2009-ல் இங்கே ஸ்டேக் உணவகங்களிலேயே இந்த வகைக் கறியால் ஓ157 பரவியது. பால், சோயா அலர்ஜி உள்ளவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும், செலுத்தும் கலவையில் அவையும் சேர்ந்திருக்கலாம்.

எனவே கூடையில் போடும் முன் கூகுள் லென்ஸை லேபிள்மேல் காட்டுங்கள். காகோ (பதப்படுத்தியது), செய்கேய் (ஒட்டி உருவாக்கியது), இன்ஜெக்ஷன் (ஊசியால் செலுத்தியது) என்று ஏதாவது வந்தாலோ, நடுவரை நன்றாகச் சூடாக்கவும் என்று எழுதியிருந்தாலோ அது பதப்படுத்திய கறி. சாப்பிடக் கூடாது என்றில்லை, முழுக்க வேக வைத்துச் சாப்பிடுங்கள். உள்ளே சிவப்பாக வேண்டும் என்றால் அதைத் திருப்பி வைத்துவிடுங்கள்.

மலிவாகவும் வேண்டும், மென்மையாகவும் வேண்டும் என்றால் வேறு வழி இருக்கிறது. மோமோ என்கிற தொடைக்கறியின் சாதாரண முழுத் துண்டை, ஆஸ்திரேலியாவோ அமெரிக்காவோ, வாங்கிக்கொள்ளுங்கள். வெங்காயத்தைத் துருவி அதன்மேல் அப்பி அரை மணி நேரம் வையுங்கள். 1936-ல் ஷாலியாபின் என்ற ரஷ்யப் பாடகர் தோக்கியோ வந்திருந்தபோது பல் தொந்தரவால் கடிக்க முடியவில்லை என்று மென்மையான ஸ்டேக் கேட்க, இம்பீரியல் ஹோட்டலில் வெங்காயத்தில் ஊற வைத்துச் செய்து கொடுத்தார்கள். அவர் பெயரில் இன்றும் அந்த ஸ்டேக் இருக்கிறது. முள்கரண்டியால் குத்தவோ கத்தியால் கீறவோ செய்யாதீர்கள். செய்தால் அதையும் முழுக்க வேக வைக்க வேண்டியதுதான்.

சமைக்கும்போது முதலில் புகைபோக்கி விசிறியை வேகமாக வையுங்கள், ஒற்றை அறை வீட்டில் காயப்போட்ட துணியெல்லாம் கறி வாசம் பிடித்துவிடும். வெங்காயத்தை வழித்துத் தனியே வைத்து, கறியைத் துடைத்து உப்பு தூவுங்கள். எண்ணெய்க்குப் பதில் கறி வரிசையில் பல கடைகள் இலவசமாக வைக்கும் கியூஷி என்ற கொழுப்புக் கட்டியை உருக்குங்கள். இரண்டு சென்டிமீட்டர் துண்டுக்குப் பக்கத்துக்கு இரண்டு நிமிடம் போல, ஓரங்களும் வறுபடத் துண்டை நிறுத்திப் பிடியுங்கள். அலுமினியத் தாளில் மூடி ஐந்து நிமிடம் விடுங்கள். பச்சைக் கறி தொட்ட இடுக்கி வேறு, பரிமாறும் இடுக்கி வேறு.

அதே வாணலியில் வழித்த வெங்காயத்தைப் பொன்னிறமாக வதக்கி, துருவிய பூண்டு, இஞ்சி, சோயா சாஸ் இரண்டு மேசைக்கரண்டி, மிரின் என்ற இனிப்பான அரிசி மது இரண்டு, சாகே என்ற அரிசி மது ஒன்று விட்டுக் கொதிக்க விடுங்கள். பச்சைக் கறியைத் தொட்ட வெங்காயம் என்பதால் நன்றாகவே கொதிக்க வேண்டும். சோயா சாஸில் உசுகுச்சி என்பது நிறத்தில்தான் இளசு, உப்பு அதில்தான் கூடுதல், கொய்குச்சி என்ற சாதாரண அடர் நிறத்ததை வாங்குங்கள். சமையலுக்கென்று விற்கும் சாகேயான ரியோரிஷுவில் உப்பு கலந்திருக்கும், அதை ஊற்றினால் சோயா சாஸைக் குறையுங்கள். மிரினிலும் சாகேயிலும் ஆல்கஹால் உண்டு, வேண்டாதவர்கள் கொஞ்சம் சர்க்கரையும் தண்ணீரும் சேர்த்தால் போதும். மாட்டுக்கறி தொடாதவர்கள் இதே சாஸைக் கோழித் தொடைக்கு ஊற்றலாம், கோழி முழுக்க வெந்திருக்க வேண்டும். கடைசியில் நான் ஊரிலிருந்து வரும் மிளகை இடித்துப் போடுவேன். இங்கே விற்கும் தூளுக்கு அந்தக் காரம் கிடையாது, இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

சோறு ஜப்பான் அரிசியில்தான் நன்றாக இருக்கும். குக்கரோடு வரும் கப் 180 மில்லி, எத்தனை கப் அரிசியோ, குக்கர் பாத்திரத்தில் அந்த எண்ணுக்குரிய கோடு வரைதான் தண்ணீர். களைந்து அரை மணி நேரம் ஊற விடுங்கள், வடிக்க வேண்டாம். ஒட்டுகிறதே, குழைந்துவிட்டதோ என்று பதறாதீர்கள், அந்த ஒட்டல்தான் சாஸைப் பிடித்துக்கொள்ளும். வந்த புதிதில் வடித்த சோற்றுக்கு ஏங்கி இதை ஒதுக்கி வைத்தவன்தான் நான், இந்த சாஸ் ஊற்றிச் சாப்பிட்ட பிறகுதான் மனம் மாறியது.

வாணலியில் மிஞ்சும் கொழுப்பைச் சிங்க்கில் ஊற்றாதீர்கள், குளிர்காலத்தில் குழாய்க்குள் உறைந்து அடைத்துவிடும். பழைய செய்தித்தாளில் துடைத்து, எரியும் குப்பை எடுக்கும் நாளில் பையில் கட்டிப் போடுங்கள்.