புள்ளிமானா, மல்லிகையா? கைத்தையலில் ஒரு வாட்ஸ்அப் விளையாட்டு

தைத்த உருவம் என்னவென்று வாட்ஸ்அப் குழுவில் இருப்பவர்களைப் படம் பார்த்து ஊகிக்கவைப்பதுதான் விளையாட்டு. ஒரு தையலுக்கு மூன்று படம் போதும்: மிக அருகில் ஒன்று, பாதி தெரிய ஒன்று, முழுசாக ஒன்று.

திருகோணமலைக் கோட்டைப் புள்ளிமானை எடுத்துக்கொள்வோம். ஆறு இழை நூலில் இரண்டை மட்டும் பிரித்து உடலைப் பழுப்பில் நெருக்கமாக நிரப்புங்கள். அதன்மேல் புள்ளிகளுக்கு வெள்ளை முடிச்சுத் தையல், நூலை ஊசியில் சுற்றிக் குத்துவது. ஊசியில் இரண்டு சுற்றுக்கு மேல் போனால் முடிச்சு சாய்ந்துவிடும். ஊசி வந்த துளையிலேயே திரும்ப இறக்கினால் முடிச்சு பின்பக்கம் போய்விடும். துணியில் ஓர் இழை தள்ளிக் குத்துங்கள். முதல் படத்தில் நான்கைந்து புள்ளிகள் மட்டும் தெரியட்டும். மழை, நட்சத்திரம், மல்லிகை என்று பதில்கள் வந்து குவியும். அந்த நேரம்தான் இதில் அருமை. கன்னியா வெந்நீரூற்றைத் தைத்தால் ஏழு கிணறுகளையும் கடைசிப் படம்வரை காட்டாதீர்கள், எண்ணிப் பார்த்தே சொல்லிவிடுவார்கள்.

காலையில் யன்னலோரம், பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுங்கள். பிளாஷ் போட்டால் மினுங்கும் நூல் வெளுத்து, தையலின் திசையே தெரியாது. அனுப்பும்போது எச்டியை (HD, உயர் தெளிவு) தெரிவுசெய்யுங்கள், இல்லாவிட்டால் இழைகள் மங்கும்.

வரைந்த கோடு தெரிந்தால் விடையும் தெரிந்துவிடும். நீரில் அழியும் பேனாவால் வரைந்திருந்தால் முதலில் குளிர்ந்த நீரில் அலசுங்கள். அதற்கு முன் அயன் பண்ணினால் கோடு துணியிலேயே தங்கிவிடலாம்.

மூன்றையும் ஒன்றாக அனுப்பாமல் நாளுக்கு ஒன்றாக விடுங்கள். முதலில் சரியாகச் சொன்னவர் அடுத்த உருவத்தைத் தைக்கட்டும்.