ஸ்கீமா இருக்கிறதா? போஸ்ட்கிரெஸில் எங்கே பார்ப்பது

போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் ஒரு ஸ்கீமா (அட்டவணைகளைத் தொகுத்து வைக்கும், பெயரிட்ட பிரிவு) ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்க்கப் பலரும் முதலில் போவது 'இன்ஃபர்மேஷன் ஸ்கீமா'வில் உள்ள 'ஸ்கீமாட்டா' பட்டியலுக்குத்தான். நானும் அப்படித்தான் தேடி, இல்லை என்று நம்பி, உருவாக்கப் போய் 'ஏற்கெனவே உள்ளது' என்ற பிழையை வாங்கிக்கொண்டேன். அந்தப் பட்டியல் உங்கள் பயனர் கணக்குக்கு உரிமை உள்ள ஸ்கீமாக்களை மட்டுமே காட்டும். 'பிஜி_நேம்ஸ்பேஸ்' அட்டவணையில் தேடினால் அந்த டேட்டாபேஸில் உள்ள எல்லாமே வரும்.

இன்னும் சுருக்கமான வழி, 9.5 பதிப்பிலிருந்து இருக்கும் 'டு_ரெக்நேம்ஸ்பேஸ்' ஃபங்ஷன். பெயரைக் கொடுத்தால், ஸ்கீமா இல்லாதபோது 'நல்' (மதிப்பு இல்லை என்பதன் அடையாளம்) திரும்பும், பிழை வராது.

பெரிய எழுத்து, சிறிய எழுத்து விஷயத்தில் கொஞ்சம் கவனம் தேவை. இரட்டை மேற்கோள் இல்லாமல் உருவாக்கிய பெயரை போஸ்ட்கிரெஸ் சிறிய எழுத்தில்தான் சேமிக்கும். அதனால் அட்டவணையில் தேடும்போது சிறிய எழுத்திலேயே தேடுங்கள்.

சரி, இல்லையென்றால் உருவாக்குவதுதான் நோக்கமா? அப்படியானால் தேடவே வேண்டாம். 'கிரியேட் ஸ்கீமா' கட்டளையோடு 'இஃப் நாட் எக்ஸிஸ்ட்ஸ்' சேர்த்தால் போதும். ஆனால் அதே பெயரில் வேறொருவரின் ஸ்கீமா இருந்தாலும் ஓர் அறிவிப்போடு தாண்டிப் போய்விடும், உரிமையாளர் மாறமாட்டார்.