முதலில் துண்டுச் சீட்டு, அப்புறம் வீடியோ

ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் வீடியோவும் பிடிஎஃபும் தினமும் வந்து குவிகின்றன. போன் நிரம்புகிறதே தவிர வகுப்பில் ஒன்றும் மாறக் காணோம். பிள்ளைகள் எங்கே இடறுகிறார்கள் என்று முதலில் பாருங்கள், அதற்கு மட்டும் தேடுங்கள்.

பார்ப்பதற்குத் தேர்வெல்லாம் வேண்டாம். பீரியட் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது, ஒருபக்கம் எழுதிய பழைய தாளை நான்காகக் கிழித்து ஆளுக்கொன்று கொடுங்கள், கேள்வி ஒன்றே ஒன்று, மதிப்பெண் கிடையாது. ஆறாம் வகுப்பில் "1/3, 1/4 இரண்டில் எது பெரியது, ஏன்?" என்று கேட்டுப் பாருங்கள். 1/4 என்று எழுதி, "மூன்றைவிட நான்கு பெரியது" என்று காரணமும் எழுதுகிற பிள்ளைகள் எப்படியும் இருப்பார்கள். வெறும் விடையை மட்டும் கேட்டிருந்தால் கவனக்குறைவு என்று விட்டிருப்போம். சீட்டுகளைத் திருத்தவும் வேண்டாம். சரி, தவறு, குழப்பம் என்று மூன்று கட்டாகப் பிரித்தால் போதும், மின்சார ரயிலில் உட்கார இடம் கிடைத்தால் (கிடைத்தால்!) தாம்பரம் வருவதற்குள் முடிந்துவிடும்.

மறுநாள் அந்தத் தவறுக்கு மட்டும் பத்து நிமிடம். 12 செ.மீ. காகிதப் பட்டை இரண்டு. ஒன்றை மூன்றாக, மற்றதை நான்காக மடித்து, ஒரு பங்கின்மேல் இன்னொன்றை வைத்துப் பார்க்கட்டும். மூன்றாக மடிப்பது கொஞ்சம் படுத்தும், அதனால் 4, 8 செ.மீ.யில் ஸ்கேல் வைத்துப் புள்ளி போடச் சொல்லிவிடுங்கள்.

அதற்கும் மேல் வீடியோ தேவைப்பட்டால் பாடநூலில் கியூஆர் குறியீடு இருக்கிறது, தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறையின் மணற்கேணி செயலி (2023ல் வந்தது) இருக்கிறது. முழுதாக ஓடவிடாமல் நடுவில் நிறுத்தி, "அடுத்து என்ன ஆகும்?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு நாம் வாயை மூடிக்கொண்டு இருப்பதுதான் கஷ்டம். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் கவனித்தபோது, ஆசிரியர்கள் பதிலுக்குக் காத்திருந்தது சுமார் ஒரு நொடிதான். அதை மூன்று நொடியாக்கியதும் பதில்கள் நீண்டன, பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். மனதுக்குள் எண்ணிப் பாருங்கள், மூன்று நொடி இவ்வளவு நீளமா என்றிருக்கும்.

வெளியே கூட்டிப்போவதானால் சென்னையில் கோட்டூர்புரம். பிர்லா கோளரங்கம், அண்ணா நூற்றாண்டு நூலகம் இரண்டும் காந்தி மண்டபம் சாலையிலேயே இருக்கின்றன என்பதற்காக ஒரே நாளில் திணிக்காதீர்கள். கோளரங்கத்தில் தமிழ்க் காட்சி எத்தனை மணிக்கு என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். முதல் நாளே "நிலா ஏன் தேய்கிறது?" என்று ஒரு சீட்டு எழுத வாங்கி வையுங்கள், திரும்பி வந்ததும் அதே கேள்விக்கு இன்னொரு சீட்டு.