தரவுத்தளத்தின் கோப்பகம் நீங்க மறுத்தால்

டர்பனில் எங்கள் கோயில் சங்கம், தைப்பூசக் காவடிக்குப் பெயர் கொடுப்போரின் பட்டியலை ஆண்டுதோறும் மைஎஸ்கியூஎல் என்னும் தரவு சேமிப்பு மென்பொருளில் தனித்தனி தரவுத்தளமாக வைத்திருக்கிறது. பழைய ஆண்டுக்குரியதை ‘டிராப் டேட்டாபேஸ்’ கட்டளையால் நீக்க முயன்றபோது, அத்தரவுத்தளத்தின் கோப்புகள் இருக்கும் கோப்பகத்தை நீக்க இயலவில்லை என்று 1010 என்னும் பிழை வந்தது. உடனே அக்கோப்பகத்தைக் கையால் அழித்துவிடத் தோன்றும். அவ்வாறு செய்ய வேண்டாம்.

அச்செய்தியின் இறுதியிலுள்ள இன்னொரு எண்ணை முதலில் படியுங்கள். லினக்ஸில் 39, மேக்கில் 66, விண்டோஸில் 41 என்று இருந்தால் கோப்பகம் காலியாக இல்லை என்று பொருள். மைஎஸ்கியூஎல் தனக்குரியவை என்று அறிந்த கோப்புகளை மட்டுமே நீக்கும். வேறு எவரேனும் அங்கே வைத்த ஒரு சிறு கோப்பு எஞ்சினாலும் கோப்பகம் போகாது. எங்கள் கோப்பகத்தில் எஞ்சியிருந்தது, முழுப் பாதையைக் குறிப்பிடாமல் ஏற்றுமதி செய்யப்பட்ட சந்தா பாக்கிப் பட்டியல். அதற்கு வேறு நகல் எங்குமே இல்லை. ஆகவே ‘டேட்டாடிர்’ மாறியின் மதிப்பைக் கேட்டுத் தரவுக் கோப்பகம் எங்குள்ளது என்று அறிந்து, அதனுள் அத்தரவுத்தளத்தின் பெயரிலுள்ள கோப்பகத்தில் மறைந்துள்ள கோப்புகளையும் சேர்த்துப் பார்த்து, எஞ்சியவற்றை வேறிடத்துக்கு நகர்த்திய பின் அதே கட்டளையை மீண்டும் இடுங்கள். இப்பிழை தோன்றும் வேளையில் அட்டவணைகள் ஏற்கெனவே அழிந்திருக்கக்கூடும் என்பதால், காப்பு நகலைக் கட்டளை இடுவதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும்.

செய்தியின் இறுதி எண் 13 என்றால் அனுமதி இல்லை என்று பொருள். லினக்ஸில் ஒரு கோப்பை நீக்கும் உரிமை அக்கோப்பைப் பொறுத்ததன்று, அதைத் தாங்கும் கோப்பகத்தில் எழுதும் உரிமையைப் பொறுத்தது. நிர்வாகக் கணக்கில் நுழைந்து காப்பு நகலை மீட்டவர்கள், கோப்பகத்தின் உரிமையாளரை மைஎஸ்கியூஎல் இயங்கும் கணினிப் பயனராக மாற்ற மறந்திருப்பார்கள். உரிமையாளரைத் திருத்தினால் போதும். எல்லோருக்கும் எல்லா அனுமதியும் கொடுப்பது ஆபத்து.

விண்டோஸில் வைரஸ் தடுப்பு மென்பொருள் கோப்பைப் பிடித்து வைத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

லோட் ஷெடிங் என்னும் முறைவைத்த மின்வெட்டு நேரத்தில் நீக்கும் வேலையைத் தொடங்காதீர்கள். 2018-இல் வந்த மைஎஸ்கியூஎல் 8.0 பதிப்பு முதல் அட்டவணைகளின் நீக்கம் முழுமையாக நடக்கும் அல்லது அறவே நடக்காது. ஆனால் கோப்பகத்தை அகற்றுவது கடைசிப் படி, அந்தப் பாதுகாப்புக்கு வெளியே உள்ளது. அந்தக் கணத்தில் மின்சாரம் நின்றால் வெறும் கோப்பகம் மிஞ்சும். பின்னர் அதே பெயரில் தரவுத்தளம் உருவாக்கும்போது 3678 என்னும் பிழை வரும். மிஞ்சிய கோப்பகத்தை வேறிடத்துக்கு நகர்த்தினால் அது தீரும்.