சுவிட்ச் 2 வந்த அன்றைக்கு முதலில் பிளக்கைப் பாருங்கள்

தண்டையார்பேட்டையில் டிவி, மிக்ஸி ரிப்பேர் பார்க்கிறவன் நான். கேம் ஆடுகிற ஆள் இல்லை. போன மாதம் அக்கா மகன் ஒரு பெட்டியைப் பிரிக்காமலேயே கடைக்குத் தூக்கி வந்தான். சிங்கப்பூரிலிருந்து ஊருக்கு வந்த நண்பன் கொண்டுவந்த நின்டெண்டோ சுவிட்ச் 2. கையிலும் ஆடலாம், டிவியிலும் ஆடலாம் என்கிற வீடியோ கேம் மெஷின். "மாமா, இத்த நம்ம வூட்டு பிளக்ல சொருவுனா புட்டுக்குமா?" என்றான்.

நியாயமான கேள்வி. நான் தொழில் கற்றுக்கொண்ட நாளில், ஜப்பான் டேப் ரெக்கார்டரை நம்ம 230 வோல்ட்டில் நேராகச் சொருகி, புகை வந்த பிறகு தூக்கிக்கொண்டு வருவார்கள். அதனால் முதல் வேலை, அடாப்டரைத் திருப்பி அதில் இருக்கும் பொடி எழுத்தைப் படிப்பது. 100-240 வோல்ட் என்று போட்டிருந்தால் வோல்ட்டைக் குறைக்கிற ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் எதுவும் தேவையில்லை. இதில் அப்படித்தான் இருந்தது. சிக்கல் பின்னில்தான். சிங்கப்பூர் பிளக்குக்குப் பட்டையாக மூன்று கால். அவன் வைத்திருந்த பிளக் கன்வர்ட்டர் சாக்கெட்டில் தொளதொளவென்று ஆடியது. காதை வைத்துக் கேட்டால் சன்னமாகப் பொரிகிற சத்தம். அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, இறுக்கமாக உட்காருகிற ஒன்றை மாட்டினேன். இத்தனை விலைப் பொருளை நூறு ரூபாய்க்கும் பெறாத கன்வர்ட்டரில் தொங்கவிடாதீர்கள்.

போன் சார்ஜரைப் போட்டால் போதாதா என்று கேட்பீர்கள். கையில் வைத்து ஆடும்போது மெதுவாக ஏறும், அவ்வளவுதான். டிவியில் படம் வர வேண்டுமானால் மெஷினை டாக் என்கிற ஸ்டாண்டில் சொருகி, டாக்குக்குக் கூடவே வந்த 60 வாட் அடாப்டரைத்தான் போட வேண்டும். டாக்கை டிவியோடு இணைக்கிற ஹெச்டிஎம்ஐ கேபிளும் பெட்டியிலேயே இருக்கிறது. டாக்கின் பின் மூடியைக் கழற்றினால் இரண்டையும் சொருகும் இடம் தெரியும்.

அடுத்து, எங்கே வைப்பது? அக்காவுக்கு ஷோகேஸ் உள்ளே வைத்துக் கண்ணாடிக் கதவைச் சாத்திவிட ஆசை. மேலே பூவேலைத் துணி வேறு. வேண்டவே வேண்டாம் என்றேன். மெஷினின் சூடு தலைப்பக்கம் உள்ள துளை வழியாக வெளியேறுகிறது. டாக்குக்குள்ளும் ஒரு சின்ன ஃபேன் ஓடுகிறது. சுற்றியுள்ள சூடு 35 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்பது கம்பெனியின் கணக்கு. சிமென்ட் ஷீட் போட்ட மாடி அறையில் கத்திரி வெயில் நேரத்தில் அது நடக்காத காரியம். மே மாத மதியத்தில் ஓய்வு கொடுங்கள், சாயந்திரம் கடல்காற்று வந்தபிறகு ஆடலாம். ஆனால் அந்தக் காற்றிலேயும் ஒரு வம்பு உண்டு. காசிமேட்டுப் பக்கம் ஜன்னலைத் திறந்தே வைத்த வீடுகளில் ஹெச்டிஎம்ஐ வாய் உப்புப் பூத்துப் பச்சை பிடித்திருப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். டாக்கை ஜன்னலுக்கு எதிரே வைக்காதீர்கள். ஆடி முடித்து, சூடு தணிந்தபின் ஒரு துணியை மேலே போடுங்கள். துணி அப்போதுதான்.

இனி மெஷினுக்கு வருவோம். திரை 7.9 அங்குலம், பளிச்சென்று இருக்கிறது. அதன்மேல் கண்ணாடி உடைந்தால் சிதறாமல் இருக்க ஒரு படலம் ஒட்டியே வருகிறது. புதுப்போன் பிளாஸ்டிக் என்று நினைத்து அவன் நகத்தால் நெம்பப் போனான், கையைத் தட்டிவிட்டேன். அதை உரிக்கக் கூடாது. ஸ்கிரீன் புரொடெக்டர் வேண்டுமானால் அதன் மேலேயே ஒட்டுங்கள்.

பக்கவாட்டுக் கைப்பிடிகளான ஜாய்கான்கள் இப்போது காந்தத்தில் ஒட்டுகின்றன. பக்கத்தில் கொண்டுபோனாலே போதும், டக்கென்று இழுத்துக்கொள்ளும். பழைய சுவிட்ச் பழக்கத்தில் மேலிருந்து கீழே சறுக்கித் தள்ளாதீர்கள். கழற்ற, முதுகுப்பக்கம் உள்ள பட்டனை அழுத்த வேண்டும். ஜாய்கானைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்தால் கம்ப்யூட்டர் மவுஸ் போலவும் வேலை செய்கிறது. இதைக் காட்ட அவன் கேரம் போர்டைக் கீழே இறக்கினான். நன்றாகத்தான் ஓடியது. ஆனால் பவுடர் முழுக்க ஜாய்கானில் உள்ள சின்ன மவுஸ் கண்ணுக்குள் ஏறி, நான் பிரஷ் போட்டுத் துடைக்க வேண்டியதாகிவிட்டது. தொடைமேல் வைத்து இழுத்தாலே போதும், நகர்கிறது.

ஆன் செய்ததும் வைஃபையைக் கொடுத்து முதலில் அப்டேட் போடுங்கள். பழைய சுவிட்ச் கேம்கள் ஓடவே அது வேண்டும். அக்கவுண்ட் சமாச்சாரமெல்லாம் திரையே சொல்லித்தரும். செட்டிங்ஸில் சார்ஜை 90 சதவீதத்தோடு நிறுத்தச் சொல்லும் வசதி இருக்கிறது. நாள் முழுக்க டாக்கிலேயே கிடக்கிற வீட்டில் அதைப் போட்டுவையுங்கள், பேட்டரி ஆயுள் நீளும்.

மெமரி கார்டில்தான் எங்களுக்குக் காசு போனது. உள்ளே 256 ஜிபி இருக்கிறது. போதாது என்று அவன் ஒரு கடையில் கார்டு வாங்கினான். "சுவிட்சுக்கு செட்டாகும் தம்பி" என்று சொல்லியே கொடுத்திருக்கிறார்கள். வழக்கமான மைக்ரோ எஸ்டி. சுவிட்ச் 2-இல் கேம் சேமிக்க மைக்ரோ எஸ்டி எக்ஸ்பிரஸ் என்ற புதுவகை மட்டும்தான் ஆகும். பார்க்க இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். கார்டின் மேல் இஎக்ஸ் என்ற எழுத்து இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள். திருப்பிக் கொடுக்கப் போனால், பிரித்ததை எடுக்க மாட்டோம் என்றார்கள். அந்தக் கார்டு இப்போது என் போனில் பாட்டு வைத்திருக்கிறது.

மெஷினை இனிமேல்தான் வாங்கப் போகிறீர்கள் என்றால் ஒரு வார்த்தை. நின்டெண்டோ இங்கே நேரடியாக விற்பதில்லை, எல்லாம் கைமாறி வருவதுதான். ஜப்பானில் ஒரு மலிவுப் பதிப்பு உண்டு, 2025-இல் வெளிவந்தபோது 49,980 யென். அதில் ஜப்பானிய மொழி மட்டும்தான், ஜப்பான் அக்கவுண்ட் மட்டும்தான். விலை சல்லிசாகச் சொன்னால், ஆன் செய்து மொழியைக் காட்டச் சொல்லிப் பாருங்கள்.

கேம் பதிந்து வருகிற சின்னக் கேம் கார்டைப் பார்த்ததும் எனக்கு அந்தக் காலத்து டிவி கேம் 'கேசட்' ஞாபகம் வந்து, வாயருகே கொண்டுபோய் ஊதப் பார்த்தேன். எச்சில் பட்டால் துரு. ஊதாதீர்கள். சின்னப் பிள்ளைகள் விழுங்காமலிருக்க அதில் கசப்பு வேறு பூசியிருக்கிறார்கள். அவன் நாக்கில் வைத்துப் பார்த்து, வாய் கொப்பளிக்க ஓடினான்.

பேட்டரி 2 மணி நேரத்திலிருந்து ஆறரை மணி வரை நிற்கும் என்கிறார்கள், கேமைப் பொறுத்து. மரியோ கார்ட் வேர்ல்ட் என்ற வண்டிப் பந்தய கேமைப் போட்டால் சீக்கிரமே இறங்குகிறது. அன்று ராத்திரி நாலு பேர் திரையைப் பிரித்து ஆடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனது. டிவி இருண்டது. அவன் டாக்கிலிருந்து மெஷினை உருவி, முதுகில் உள்ள காலை விரித்துத் தரையில் நிறுத்தினான். விட்ட இடத்திலிருந்தே பந்தயம் தொடர்ந்தது. "இவ்ளோ தம்மாத்தூண்டுல எனக்கு எது என் வண்டின்னே தெரிலடா" என்று அக்கா மட்டும் கத்திக்கொண்டிருந்தாள்.